நுரைத்த குப்பி

போன வாரம் நாம் மாஸ்டரின் வீட்டை விட்டு வந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரின் கிட்னி அவர் தங்கைக்குப் பொருந்தும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மாஸ்டரின் ஜிம் வாசலில் அவித்த முட்டை விற்கும் அவர் மனைவி, அதாவது நம் அண்ணி, அந்தச் சந்தோஷத்தில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு முட்டை சும்மா கொடுத்தாள்.

கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள்.

பொருத்தம் மட்டும் போதுமா? கொடுக்கிறவர் உடம்பு தாங்குமா என்று பார்க்க வேண்டாமா? பார்த்தார்கள். மாஸ்டரின் சிறுநீரில் புரதம் தெரிந்தது. சில நேரம் அப்படித் தெரியும், பயப்பட வேண்டாம், இன்னொரு தடவை கொடுங்கள் என்றார்கள். முந்தாநாள் கொடுத்துவிட்டு வந்தார். இன்று காலை, அண்ணி பெரிய பானையில் முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"டாக்டரம்மா உங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னாங்க."

"ரிசல்ட் வந்துடுச்சாம்மா? என்ன போட்டிருக்கு?"

"அவங்களே சொல்லுவாங்க."

நல்ல செய்தி என்றால் அதைச் சொல்ல டாக்டர் எதற்கு? போன் செய்த பெண்ணே சொல்லியிருக்க மாட்டாளா?  அண்ணியின் கையிலிருந்த முட்டை நழுவி, பானை விளிம்பில் இடித்து, வெள்ளைக்கரு வெந்நீரில் நூல் நூலாக வெந்து மிதந்தது.

பயம் மட்டும் என்றால் அவள் தன்னை மன்னித்திருப்பாள். பயத்துக்குப் பின்னாலேயே, அழைக்காத விருந்தாளி மாதிரி, ஓர் ஆறுதலும் வந்து நின்றது. அப்பாடா, இவரை அறுக்க மாட்டார்கள்.

'சீ, நானும் ஒரு மனுஷியா?' என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தாயில்லாத பிள்ளை. தலை பின்னிவிட்டது முதல் வயசுக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொன்னது வரை அண்ணிதான். இன்று அவள் உயிரியல் டீச்சர், வயது முப்பத்தைந்து. இருந்தாலும் அண்ணனோடு இதே வீட்டில் இருக்கும் அவள் இவர்களுக்குப் பாப்பாதான். பாப்பாவின் இரண்டு கிட்னியும் கெட்டுப்போனது என்று தெரிந்த அன்றே, யாரும் கேட்காமல் ஓடிப்போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தவள் அண்ணி. ரத்தப் பிரிவு சேரவில்லை. தன் கிட்னி என்றால் அவள் அரை நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டாள்.

இது அவருடையதாயிற்றே. அங்கேதான் மனசு முரண்டு பிடிக்கிறது.

பாப்பாவுக்கோ நாள் கடத்த முடியாது. டயாலிசிஸுக்கு ஊசி ஏற்றும் கை நரம்பு இரண்டு தடவை அடைத்துக்கொண்டுவிட்டது. "இதை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாதும்மா" என்று டாக்டர் பச்சையாகவே சொல்லியிருந்தார்.

*

டாக்டரின் அறையில் மின்விசிறி தேவைக்கு மேல் வேகமாகச் சுற்றியது. மாஸ்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தோள்களுக்கு எந்த நாற்காலியும் சின்னதுதான். இன்று நாற்காலி பெரிதாகத் தெரிந்தது.

"போன தடவையும் புரதம் இருந்தது. இந்தத் தடவையும் இருக்கு. போன தடவையை விட அதிகமாவே இருக்கு" என்றார் டாக்டர்.

"அவர் முட்டை நிறையச் சாப்பிடுவார். அதனால இருக்குமோ?" என்று கேட்டாள் அண்ணி.

டாக்டர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். "சாப்பிடுற புரதம் வயித்துல செரிச்சு, துண்டு துண்டாகித்தான் ரத்தத்துக்கே போகும். அது அப்படியே கீழ இறங்கி வந்துடாது. இது ரத்தத்துல ஏற்கெனவே இருக்கிற புரதம். அல்புமின்னு பேரு. கிட்னி ஒரு வடிகட்டி மாதிரி. இந்தப் புரதம் பெரிசு, வடிகட்டியைத் தாண்டி வரக் கூடாது, வந்தா சிறுநீர் நுரைக்கும். வருது."

"அப்போ வடிகட்டி கிழிஞ்சிருக்குங்கிறீங்களா?"

"கிழிஞ்சிருக்கலாம். வேற காரணமும் இருக்கலாம். அதுக்குத்தான் கூப்பிட்டேன்." டாக்டர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "காய்ச்சல் எதுவும் இருந்துச்சா?"

"இல்லைங்க."

"வலி மாத்திரை? புரதப் பவுடர்? பவுடர்ல என்னென்னவோ கலக்குறாங்க."

"நான் பவுடரைத் தொடறதே இல்லைங்க. முட்டை, பால், பயறு, அவ்வளவுதான். பசங்களையும் விட மாட்டேன்."

"சாம்பிள் கொடுக்கிறதுக்கு முன்னால கடுமையா உடற்பயிற்சி ஏதாவது பண்ணீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

அண்ணி சட்டென்று திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

முந்தாநாள் விடிவதற்கு முன்பே எழுந்து ஜிம்முக்குப் போனவர் யார்? சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும் என்கிற மாதிரி நனைந்து வந்தவர் யார்? அந்தச் சட்டையை ஊறவைத்தவள் அவள். சாம்பிள் குப்பியை எடுத்துக் கையில் கொடுத்தவளும் அவள். திருப்பி வாங்கியபோது அதில் நுரை பொங்கி, அடங்காமல் நின்றதைப் பார்த்தவளும் அவளேதான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர். "பயிற்சிதான் காரணம்னா பிரச்சினையே இல்லை. ஒரு வாரம் சும்மா இருந்துட்டு மறுபடி கொடுங்க, பார்த்துக்கலாம். காரணமே இல்லாம ரெண்டு தடவை வந்திருக்குன்னா, எங்க குழு உங்களை எடுத்துக்காது. எடுக்கவும் கூடாது. அப்புறம் நான் உங்க கிட்னியைப் பத்திக் கவலைப்படணும். நாளைக்கு நாங்க கூடிப் பேசுறோம்."

"அப்படி எதுவும் இல்லைங்க" என்றார் மாஸ்டர், மேஜையைப் பார்த்தபடி.

டாக்டரின் பார்வை அண்ணியிடம் வந்தது. "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் ஒரு வாரத்தில் மறுபடி சோதனை, அப்புறம் தேதி, அப்புறம் இவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து அந்தக் கதவுக்குள் தள்ளிக்கொண்டு போவார்கள்.

"இல்லைங்க" என்றாள் அண்ணி.

வெளியே தாழ்வாரத்தில் அவர் முன்னால் நடந்தார். அவள் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள்.

"ஏங்க, முந்தாநாள் காலையில ஜிம்முக்குப் போனீங்கல்ல?"

"அதெல்லாம் ஒரு பயிற்சியா? சும்மா உடம்பை முறுக்கிட்டு வந்தேன்."

"சட்டை அப்படி நனைஞ்சிருந்துச்சே?"

"வேர்க்காதா மனுஷனுக்கு? கடைக்கு நேரமாச்சு, வா."

இருபது வருடமாக எடை தூக்குகிறவருக்கு எது கடுமை, எது சும்மா என்று அவளுக்கு என்ன தெரியும்? மற்றவர்கள் பல் தேய்ப்பது மாதிரி அவர் நூறு கிலோ தூக்குவார். அப்படித்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மனசு தேறுகிற மாதிரி நடித்தது.

*

இன்று பாப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். மதியம் அந்த வார்டுக்கு அண்ணி டப்பாவோடு போனாள். டப்பாவில் வெள்ளைக்கரு மட்டும், மஞ்சள் நீக்கி, நாலாக நறுக்கியது.

இந்த முட்டைக்கே ஒரு கதை உண்டு. நோய் தெரிந்த புதிதில் "புரதத்தைக் குறை, பருப்பைக் குறை" என்று பாப்பாவைப் பட்டினி போடாத குறையாக வைத்திருந்தார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்ததும் "புரதம் நிறையச் சாப்பிடு" என்று மாற்றினார்கள். "என் மாமனார்கூட இப்படி மாத்தி மாத்திப் பேசினதில்லை" என்று அண்ணி அப்போது அங்கலாய்த்தாள். மெஷின் கழிவை எடுக்கும்போது கொஞ்சம் நல்லதையும் சேர்த்து எடுத்துவிடுகிறது, அதை ஈடுகட்டத்தான் இந்த முட்டை என்று பாப்பாதான் விளக்கினாள். வகுப்பை விட்டு வந்தாலும் டீச்சர் டீச்சர்தானே.

இன்று அவள் படுத்தபடியே சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது. கையிலிருந்து சிவப்புக் குழாய்கள் இரண்டு மெஷினுக்குப் போயின.

"வாங்க அண்ணி. முகம் ஏன் இப்படி வாடியிருக்கு?"

"வெயில்ல வந்தேன்ல."

"பக்கத்து பெட் அம்மா, புரதம்னா என்னன்னு கேட்டாங்க. பாடமே எடுத்துட்டேன். முடியும் நகமும் ஒரு புரதம். தோலை இழுத்துப் பிடிச்சிருக்கிறது ஒரு புரதம். ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுத்து மூச்சைச் சுமக்கிறது ஒண்ணு. சாப்பிட்டதைச் செரிக்கவைக்கிறதும், கிருமியோட சண்டை போடுறதும் புரதம்தான்னேன். அதுக்கு அந்தம்மா, 'என் மருமக கோபமும் புரதமா'ன்னு கேட்கிறாங்க!"

"என்ன சொன்னே?"

"அது அவங்க சொந்தத் தயாரிப்புன்னு சொன்னேன்." பாப்பா மூச்சு வாங்கினாள். "எனக்கும் அண்ணனுக்கும் பொருந்துதுன்னு சொன்னாங்களே, அதுவும் அதான். செல்லுக்கு மேல ஒட்டியிருக்கிற அடையாளப் புரதம் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு. வேற யார்கிட்ட தேடினாலும் இந்த மாதிரி கிடைக்காதாம்."

அண்ணி டப்பாவைத் திறக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க அண்ணி?"

மறைக்க முடியாது. எப்படியும் தெரியத்தான் போகிறது. இரண்டாவது தடவையும் புரதம் வந்ததை, நாளைய கூட்டத்தை, எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் டாக்டர் கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டாள்.

பாப்பா சோர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ தலையைத் தூக்கினாள்.

"அண்ணி, அண்ணன் அன்னிக்குக் காலையில எடை தூக்கினாரா?"

"ஏம்மா?"

"முரட்டுத்தனமா பயிற்சி பண்ணினா சிறுநீர்ல புரதம் வரும். ஒரு நாள், ரெண்டு நாள்ல தானா போயிடும். நோயே இல்லை அது. அப்படி இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும் அண்ணி. தூக்கினாரா?"

அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.  இரண்டாவது வாய்ப்பு, தட்டில் வைத்து நீட்டப்படுகிறது. ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"இல்லம்மா. அன்னிக்குக் காலையில அவர் ஜிம்முக்குப் போகலை. வீட்லதான் இருந்தார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. டாக்டரிடம் வெறும் 'இல்லை'தான். இங்கே இட்டுக்கட்டியும் சொல்லியாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? டப்பா மூடி கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்க அவள் கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் அதிக நேரம் தேடினாள்.

நிமிர்ந்தபோது பாப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி அண்ணி" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. வெள்ளைக்கருவை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாள். அண்ணிக்கு அவள் அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது.

*

சாயங்காலம் அண்ணி ஜிம் வாசலில் கடையைத் திறந்தாள். முட்டை உரிக்க உட்கார்ந்தாள். நகம்தான் உரித்தது, நினைப்பெல்லாம் வார்டில். உரித்ததில் பாதி ஓட்டோடு சேர்ந்து பிய்ந்து வந்தது.

உள்ளே மாஸ்டரின் குரல் கேட்டது. போட்டிக்குப் போகிற பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார். ஜிம்மின் ஒரே நம்பிக்கை நட்சத்திரம் அவள்தான்.

"ஒரே ஒரு செட் மாஸ்டர். ப்ளீஸ்."

"நாளைக்கு உனக்கு மெடிக்கல் டெஸ்ட் இருக்கா இல்லையா? இன்னிக்கு இரும்பைத் தொட்டே, பல்லைத் தட்டிடுவேன். எடையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்து எழுந்துட்டுப் போய் யூரின் கொடுத்தா புரதம் காட்டும். கிட்னி கெட்டுப்போச்சுன்னு உன்னை வெளியே அனுப்பிடுவாங்க. இதை எத்தனை வருஷமா கத்திக்கிட்டு இருக்கேன்! ஒருத்தர் காதுலயும் ஏற மாட்டேங்குது. போ, வீட்டுக்குப் போ."

பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனாள். அண்ணியிடம் வழக்கமாக வாங்கும் முட்டையைக்கூட வாங்கவில்லை. வாங்க வந்திருந்தாலும் அண்ணிக்குக் கொடுக்கக் கை வந்திருக்காது.

அவள் எழுந்து உள்ளே போனாள். மாஸ்டர் இரும்புத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"எத்தனை வருஷமா கத்துறீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.   பயிற்சி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"முதல் தடவை சத்தியமா தெரியாமத்தான். வழக்கம் போல வந்தேன், தூக்கினேன், போய்க் கொடுத்தேன். ஊருக்குச் சொன்ன உபதேசம் எனக்கு ஞாபகமே வரலை. புரதம் இருக்குன்னு சொன்ன பிறகுதான் உறைச்சுது."

"ரெண்டாவது தடவை?"

அவர் கீழே வைத்த தட்டையே பார்த்தார்.

"கேட்கிறேன்ல? ரெண்டாவது தடவை?"

"முழங்கால் மடங்கிக் கீழே விழுற வரைக்கும் தூக்கினேன்." குரல் உடைந்தது. "பயமா இருக்கு. ராத்திரி கண்ணை மூடினா மூஞ்சியில மாஸ்க்கை வெச்சு அழுத்துற மாதிரியே இருக்கு. மயக்கம் கொடுத்தா நான் முழிச்சுக்க மாட்டேன்னு உள்ள ஏதோ சொல்லுது. இவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு இதை யார்கிட்ட போய்ச் சொல்ல? முடியாதுன்னு பாப்பா முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரலை. ஆஸ்பத்திரியே வேண்டாம்னு சொல்லட்டும்னு நினைச்சேன்."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்னையும்தானே கேட்டாங்க? நீங்க காலையில போனது எனக்குத் தெரியும். நான் சொல்லலை."

"எனக்காகப் பொய் சொன்னே."

"உங்களுக்காக இல்லை, எனக்காக. உங்களைக் கத்திக்குக் கொடுக்க எனக்கு மனசு வரலை. மதியம் பாப்பா கேட்டா. அவகிட்டயும் நீங்க வீட்லதான் இருந்தீங்கன்னு சொல்லிட்டேன்."

"பாப்பாகிட்டயா?" அவர் அதிர்ந்து எழுந்தார். "அவ கேட்டாளா? எடை தூக்கினேனான்னு கேட்டாளா?"

"ஆமாம்னு சொல்லிடுவேன்னு ஆசையோட கேட்டா."

மாஸ்டர் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்று சொல்வார்கள். அந்தப் பெரிய உடம்பு தோள் முதல் பாதம் வரை ஆடியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. அப்புறம் நின்றார்.

"போன் எடு. டாக்டர்கிட்ட நானே சொல்றேன். ரெண்டு தடவையும் தூக்கிட்டுத்தான் வந்தேன்னு சொல்றேன். ஒரு வாரம் இந்தப் பக்கமே வர மாட்டேன். சுத்தமா மறுபடி கொடுக்கிறேன்."

"பயம்?"

"இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். பயத்தோடயே போய்ப் படுத்துக்கிறேன். நீ வெளியே உட்கார்ந்திருப்பேல்ல?"

"வேற எங்கே போகப்போறேன்?" என்றாள் அண்ணி.  கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

எடுத்த கையிலேயே அது ஒலித்தது. பாப்பா.

"பாப்பா! நானே பண்ணலாம்னு இருந்தேன். இந்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"நான் முதல்ல சொல்லிடறேன் அண்ணி. அப்புறம் எனக்குத் தைரியம் இருக்காது." களைத்த குரல். ஆனால் பிசிறு இல்லை. "டாக்டரைப் பார்த்துட்டேன். அண்ணன் கிட்னி எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். நாளைக்குக் கூட்டத்துல அவர் பேரே வராது."

"என்னம்மா சொல்றே? ஏன்?"

"முந்தாநாள் விடியறதுக்கு முன்னாடி அண்ணன் கேட்டைத் திறந்துட்டுப் போனதை நான் என் ரூம் ஜன்னல்ல பார்த்தேன். திரும்பி வந்ததையும் பார்த்தேன். சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். தெரிஞ்சுதான் மதியம் உங்களைக் கேட்டேன்."

அண்ணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இத்தனை வருஷத்துல நீங்க என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லை அண்ணி. நீங்களே சொல்றீங்கன்னா உங்களுக்கு எவ்வளவு பயமா இருக்கணும்? உங்களை அப்படிப் பயமுறுத்திட்டு நான் எதை வாங்கிக்கிட்டு வாழப்போறேன்? அண்ணனைத் திட்டாதீங்க. ஒண்ணும் கேட்காதீங்க. என்ன?"

"பாப்பா, இரு, கேளு..."

இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

"பாப்பாவா?" மாஸ்டர் ஆவலோடு கையை நீட்டிக்கொண்டு வந்தார். முகம் பல நாளுக்குப் பிறகு தெளிந்திருந்தது. "என்கிட்ட குடு. அண்ணன் தர்றேன்னு நானே என் வாயால சொல்றேன்."

அண்ணி போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தர்றேன் என்று இனி இவர் சொன்னாலும், பயமில்லை என்று அவளே சத்தியம் செய்தாலும், அந்தப் பிள்ளை எதை நம்பும்?